நெறியாளரும் ஆடுநரும்: பரவிய இணையச் சேவைகளை ஒருங்கிணைக்கும் முறைசார் மாதிரிகள் பற்றிய ஒரு நோக்கு

1

மனிதர் கூடித் தொழில் செய்தபொழுது ஒருவருக்கொருவர் கூறவேண்டிய தேவை எழுந்தமையே மொழியின் தோற்றத்துக்கு அடிநிலையாயிற்று என ஏங்கல்ஸ் 1876 இல் எழுதிய கட்டுரையொன்றில் வாதிட்டார். இக்கருத்தை ஏற்பவர்கள், கூட்டுத் தொழிற்பாட்டுக்கென ஆக்கப்படும் எந்த மொழியையும் தமது ஆய்வெல்லைக்குப் புறம்பானதெனத் தள்ளிவிட முடியாது. கணினிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக் கூட்டாகக் கருமமாற்றும் முறையை எடுத்துரைப்பதற்கென்றே கடந்த அறுபது ஆண்டுகளில் சில செயற்கை மொழிகள் ஆக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கும் சொற்கோவை உண்டு, இலக்கணம் உண்டு, உருவகங்கள் உண்டு. உருவகங்கள் உள்ளவிடத்துக் கருத்துநிலையும் உண்டு. ஆகவே இலக்கியத் திறனாய்வாளர் இங்குக் கால்வைப்பது பிறர் காணியில் அத்துமீறுவதாகாது.

இணையச் சேவை எனப்படுவது யாது? ஒரு நிறுவனத்தின் கணினியிலுள்ள நிரல், வலைப்பின்னலூடாகப் பிறிதொரு நிறுவனத்தின் நிரலிடமிருந்து வரும் வேண்டுகோளை ஏற்று விடையளிப்பதையே அப்பெயர் சுட்டுகின்றது. பிரயாணம் ஒன்றை ஒழுங்குசெய்யும் நிரலை எடுத்துக்கொள்வோம். அது விமானக் கம்பனியின் சேவையிடம் ஆசனம் கேட்கும். விடுதியின் சேவையிடம் அறை கேட்கும். வங்கியின் சேவையிடம் பணம் பெறும். இவை மூன்றும் வேறுவேறு இடங்களில், வேறுவேறு உடைமையாளரின் கீழ் இயங்குவன. எது முன்னர், எது பின்னர், எது எதற்காகக் காத்திருக்கும், ஒன்று தவறினால் ஏனையவை என்னாகும் என்ற வினாக்களுக்கு ஐயத்துக்கிடமின்றி விடைகூறும் கணித அமைப்புகளையே முறைசார் மாதிரிகள் என இக்கட்டுரையில் குறிப்பிடுகின்றோம்.

இம்மாதிரிகள் குறித்து இருவகை மனப்பாங்குகள் காணப்படுகின்றன. தொழில்நுட்பவியலாளர் பலர் இவற்றைச் சமூகச் சார்பற்ற தூய உருவங்களாகக் கொள்வர். இடதுசாரிகள் சிலரோ, மூலதனத்தின் கருவிகள் என ஒரு சொல்லில் இவற்றைத் தீர்த்துக்கட்டிவிடுவர். இலக்கிய உலகில் நாம் நெடுங்காலமாகக் கண்டுவரும் உருவவாதமும் கொச்சை மாக்சியமுமே இங்கு வேறு உடையில் வந்து நிற்கின்றன. முன்னது உருவத்தை அதன் வரலாற்றிலிருந்து அறுத்தெடுக்கின்றது. பின்னது உருவத்தைப் படிக்கும் சிரமத்தையே மேற்கொள்வதில்லை. மாக்ஸ் தமது இறுதிக் காலத்தில் வகையீட்டு நுண்கணிதத்தை ஊன்றிக் கற்று அதன் அடிப்படைகளை விமரிசித்துக் குறிப்புகள் எழுதினார் என்பதும், அக்கையெழுத்துப்படிகள் 1968 இல் மொஸ்கோவில் முழுமையாக வெளியிடப்பட்டன என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கன. கணிதத்தின் உள்ளே நுழைந்து விமரிசிப்பதே அவர் காட்டிய வழி. நாமும் அவ்வழியையே பின்பற்ற முயல்வோம்.

2

கணித்தல் என்பது என்ன என்ற வினாவுக்கு 1930 களில் அளிக்கப்பட்ட விடைகள் தனியொருவரை மையமாகக் கொண்டவை. அலன் ரியூறிங்கின் பொறியும் அலன்சோ சேர்ச்சின் லம்டா கணிதமும் ஒரு தரவைப் பெற்று, தனித்திருந்து தொழிற்பட்டு, ஈற்றில் ஒரு விடையைத் தருவனவற்றையே மாதிரியாகக் கொண்டன. அரசியற் பொருளாதாரத்தார் தமது ஆய்வைத் தனித்தீவில் வாழும் றொபின்சன் குரூசோவிலிருந்து தொடங்குவதை மாக்ஸ் எள்ளி நகையாடினார். முதற் தலைமுறைக் கணிமைக் கோட்பாட்டை றொபின்சனின் கணிதம் எனக் கூறுவது மிகையாகாது.

இத்தனிமையை உடைத்தோருள் முதலில் வைத்தெண்ணத்தக்கவர் ஜேர்மனியரான கார்ல் அடம் பெற்றி. தன்னியக்கிகளுடனான தொடர்பாடல் பற்றிய அவரது கலாநிதிப் பட்ட ஆய்வேடு 1962 இல் வெளிவந்தது. அவர் பெயரால் வழங்கும் வலைகளில் வட்டங்கள் இடங்களைக் குறிக்கும். கோடுகள் அல்லது பெட்டிகள் நிலைமாற்றங்களைக் குறிக்கும். இடங்களில் வில்லைகள் வைக்கப்பட்டிருக்கும். ஒரு நிலைமாற்றத்துக்கு முன்னுள்ள இடங்கள் யாவற்றிலும் வில்லை இருந்தால் மட்டுமே அது நிகழலாம். நிகழ்ந்ததும் முன்னிடங்களின் வில்லைகள் நீங்கிப் பின்னிடங்களில் வில்லைகள் தோன்றும். அனைத்துக்கும் பொதுவான ஒரு மணிக்கூடு இவ்வலையில் இல்லை. ஒன்றையொன்று சாராத இரு நிகழ்ச்சிகளில் எது முந்தியது என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்த விழையும் அதிகார மனப்பாங்குக்கு இது அடிப்படையிலேயே மாறானதாகும்.

அடுத்து, ரோனி ஹோர் 1978 இல் வெளியிட்ட கட்டுரையிலும், எடின்பரோவிலிருந்து ரொபின் மில்னர் 1980 இல் வெளியிட்ட நூலிலும், தொடர்பாடுதல் என்பதே கணித்தலின் அடிப்படைக் கூறாக நிறுவப்பட்டது. செய்தி கொடுப்பவரும் ஏற்பவரும் ஆயத்தமாக இருந்தாலன்றிப் பரிமாற்றம் நிகழாது. இந்த எளிய விதியிலிருந்து பெரும் சிக்கல்கள் கிளைக்கின்றன. பணம் வந்தாலே பொருளை அனுப்புவேன் என விற்பவரும், பொருள் வந்தாலே பணத்தை அனுப்புவேன் என வாங்குபவரும் இருப்பார்களாயின் இருவரும் முடிவின்றிக் காத்திருப்பர். இதனை முட்டுநிலை என்போம். இருவரும் தத்தம் விதியைப் பிழையின்றிக் கடைப்பிடிக்கின்றனர். ஆயினும் முழுமை அசைவற்றுப் போகின்றது. தவறு உறுப்பினரிடம் இல்லை, உறவிலேயே உள்ளது என்பதைக் கணிதமுறையில் நிறுவிக்காட்டியமை இத்துறையின் பெருஞ்சாதனையாகும்.

இத்துறையினர் மாணவர்க்குக் கற்பிக்கும்போது வழக்கமாகக் கையாளும் எடுத்துக்காட்டு ஒன்றும் நமது கவனத்துக்குரியது. காசு போட்டால் தேநீரோ கோப்பியோ தரும் இரண்டு பொறிகளைக் கற்பனை செய்வோம். முதற்பொறி காசை ஏற்றபின் எது வேண்டும் எனக் கேட்கின்றது. இரண்டாவது பொறி காசு விழும் கணத்திலேயே தனக்குள் தீர்மானித்துவிட்டு, சிலவேளை தேநீர்ப் பொத்தானையும் சிலவேளை கோப்பிப் பொத்தானையும் மட்டும் திறந்துவைக்கின்றது. நடந்தவற்றை வரிசையாக எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடில்லை: காசு, தேநீர், அல்லது காசு, கோப்பி. ஆயின் குடிக்க வந்தவரின் நிலையோ முற்றிலும் வேறு. முதலாவதில் தெரிவு அவருடையது, இரண்டாவதில் பொறியினுடையது. நிகழ்ச்சிகளின் பட்டியல் உண்மையை முழுதாகக் கூறாது, தெரிவு எக்கணத்தில் எவர் கையில் இருந்தது என்பதையும் அறிதல் வேண்டும் என்பதே இதன் பாடம். டேவிட் பார்க் 1981 இல் வகுத்து, மில்னர் வளர்த்தெடுத்த சமானக் கோட்பாடு இந்த வேறுபாட்டைத் துல்லியமாகப் பிடிக்கின்றது. கதையின் நிகழ்ச்சிகளை மட்டும் சுருக்கிக் கூறிவிட்டு அதனைத் திறனாய்வென்று கொள்ளும் எம்மவர் சிலர், இக்கணிதத்திடம் கற்கவேண்டியது அதிகம்.

1992 இல் மில்னர், யோக்கிம் பறோ, டேவிட் வோக்கர் ஆகிய மூவரும் பை கணிதத்தை வெளியிட்டனர். தொடர்புவழிகளின் பெயர்களையே செய்தியாக அனுப்பலாம் என்பது இதன் புதுமை. விற்பவர் வாங்குபவருக்கு வங்கியின் முகவரியைக் கொடுக்கின்றார். அதுவரை ஒருவரையொருவர் அறியாத வாங்குபவரும் வங்கியும் அக்கணம் முதல் நேரே பேசுகின்றனர். தொடர்புகளின் வலை தானே மாறிக்கொண்டு செல்கின்றது. நிலையான தொழிற்சாலைச் சுவர்களுக்குள் அடங்காது, இன்று ஒருவரோடும் நாளை இன்னொருவரோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளும் உற்பத்தி முறைக்கு இக்கணிதம் பொருத்தமாய் அமைந்ததில் வியப்பில்லை. மில்னர் மூலதனத்துக்காக இதனை ஆக்கினார் என்பது எமது கருத்தன்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி எழுப்பிய வினாவொன்றுக்கு இது விடையாக அமைந்தது என்பதே கருத்து.

3

மாக்ஸ் 1867 இல் வெளியிட்ட மூலதனம் முதலாம் பாகத்தில், கூட்டுழைப்புப் பற்றிய அதிகாரத்தில், வயலின் வாசிப்பவர் தம்மைத் தாமே நெறிப்படுத்துவார், இசைக்குழுவுக்கோ தனியான நெறியாளர் வேண்டும் என்ற பொருள்பட எழுதுகின்றார். எந்தக் கூட்டுழைப்புக்கும் ஒத்திசைவு தேவை. ஆயின் மூலதனத்தின் ஆட்சியில் அந்தத் தேவையும் சுரண்டலின் தேவையும் ஒன்றோடொன்று பின்னிவிடுகின்றன. இசைக்குழுவின் நெறியாளர் வாத்தியங்களின் சொந்தக்காரராக இருக்கவேண்டியதில்லை என மூன்றாம் பாகத்தில் அவர் மீண்டும் எழுதுவது, நெறிப்படுத்தலையும் உடைமையையும் வேறுபிரித்து நோக்கவேண்டும் என்பதற்காகவேயாம்.

இணையச் சேவைகளை இணைப்போர் தமது துறைக்குத் தெரிந்தெடுத்த தலையாய உருவகம் இதே இசைக்குழுவாக அமைந்தமை பொருள் பொதிந்தது. இத்துறையில் இரு முறைகள் எதிரெதிரே வைக்கப்படுகின்றன. ஒன்று இசைக்குழு நெறியாள்கை, மற்றது ஆடலமைப்பு. நெறியாள்கையில் மையமான ஒரு செயன்முறை உண்டு. அதுவே எல்லாச் சேவைகளையும் அழைக்கும், விடை பெறும், அடுத்ததைத் தீர்மானிக்கும். அழைக்கப்படும் சேவைகளுக்கு முழுமை தெரியவேண்டியதில்லை. ஆடலமைப்பில் மையம் இல்லை. முழு ஆட்டமும் எவருக்கும் சொந்தமல்லாத ஒரு பொது உடன்பாடாக முதலில் எழுதப்படும். பின்னர் ஒவ்வொருவரும் தத்தம் பங்கை அறிந்து ஆடுவர்.

எமது மரபில் இரண்டுக்கும் உவமை காணலாம். மத்தளத்துடன் நின்று ஆட்டத்தையும் பாட்டையும் நடத்திச் செல்லும் அண்ணாவியார் நெறியாள்கைக்கு உருவமானவர். ஒவ்வொருவரும் அடுத்தவரின் கோலைத் தம் கோலால் சந்தித்து நகரும் கோலாட்டமோ ஆடலமைப்புக்கு ஒப்பானது. முழு ஆடலமைப்பிலிருந்து ஒவ்வொருவர் பங்கையும் பிரித்தெடுப்பதைக் கணிதத்தார் எறியம் என்பர். மட்டக்களப்புக் கூத்து மரபில் சட்டங்கொடுத்தல் என வழங்குவதும் ஏறத்தாழ இதுவே: முழுக் கூத்திலிருந்து அவரவர் பாத்திரத்துக்குரிய பகுதி அவரவர் கையில் சேர்க்கப்படுகின்றது.

இவ்விரு முறைகளும் வரலாற்றில் எவ்வாறு மோதின என்பதை இனி நோக்குவோம். 2001 இல் ஐ.பீ.எம். கம்பனி ஒரு மொழியையும் மைக்ரோசொஃப்ட் கம்பனி இன்னொரு மொழியையும் வெளியிட்டன. முன்னது வரைபு அமைப்பிலானது; பின்னதில் பை கணிதத்தின் செல்வாக்கு உண்டெனக் கூறப்படுவதுண்டு. 2002 இல் இவை இரண்டும் இணைக்கப்பட்டுப் பீபெல் என்னும் வணிகச் செயன்முறை மொழி பிறந்தது. 2003 இல் அது ஓயேசிஸ் என்னும் தரநிர்ணய அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. 2007 இல் அதன் இரண்டாம் பதிப்புத் தரமாக ஏற்கப்பட்டது. இது நெறியாள்கையின் மொழி. இதன் வரையறை கணிதத்தில் அன்றி உரைநடையிலேயே எழுதப்பட்டிருந்தமையால், பெற்றி வலைகளைக் கொண்டும் செயன்முறைக் கணிதங்களைக் கொண்டும் அதற்குத் திட்டவட்டமான பொருள் கூறும் பணியில் ஆய்வாளர் பலர் பின்னர் ஈடுபட நேர்ந்தது. கணிதத்தின் கௌரவம் விளம்பரத்துக்குப் பயன்பட்ட அளவுக்கு அதன் கட்டுப்பாடு ஏற்கப்படவில்லை. 2003 இல் வெளிவந்த முகாமைத்துவ நூலொன்று பை கணிதத்தை வணிகச் செயன்முறைகளின் புதிய அத்திவாரமாகப் பிரகடனப்படுத்தியது. பெற்றி வலை மரபைச் சேர்ந்த வில் வன் டெர் ஆல்ஸ்ற், அத்தகைய ஆரவாரத்தை வெளிப்படையாகவே கண்டித்தார்.

அதே 2003 இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஆடலமைப்பு மொழி ஒன்றை வகுப்பதற்கெனச் செயற்குழு ஒன்றை அமைத்தது. மில்னரும், கொஹேய் ஹொண்டா, நொபுகோ யொஷிடா ஆகியோரும் இம்முயற்சிக்கு அறிவியல் ஆலோசனை வழங்கினர். 2005 இல் அம்மொழி பரிந்துரைக்கான வேட்பு நிலையை எய்தியது. அதற்கப்பால் அது செல்லவில்லை. 2009 இல் செயற்குழு கலைக்கப்பட்டது. கணிதவியலாளரின் நேரடித் துணையைப் பெற்ற மொழி முற்றுப்பெறாது நின்றது. பெரும் கம்பனிகளின் துணையைப் பெற்ற மொழி தரமாயிற்று.

இதற்குத் தொழில்நுட்பக் காரணங்களும் உண்டு. ஆடலமைப்பு மொழி நேரே இயக்கப்படக்கூடியதன்று; எல்லா ஆடலமைப்புகளும் பிழையின்றி எறியம் செய்யத்தக்கனவும் அல்ல. ஆயினும் அடிப்படைக் காரணம் வேறு என்பதே எமது துணிபு. தொழிற்சாலைக்குள்ளான வேலைப்பிரிவினை திட்டமிட்ட கட்டளையாலும், சமூகத்திலான வேலைப்பிரிவினை சந்தையின் அராஜகத்தாலும் ஆளப்படுகின்றன என மாக்ஸ் காட்டினார். நெறியாள்கை தொழிற்சாலைக் கட்டளையின் நீட்சி. ஒரு கம்பனி தனக்குச் சொந்தமான செயன்முறையை எழுதி, தனது கணினியில் இயக்கி, பிறரை அழைக்கின்றது. உடைமை உறவில் எவ்வித மாற்றமும் வேண்டியதில்லை. ஆடலமைப்போ எவருக்கும் சொந்தமல்லாத ஒரு பொதுத் திட்டத்தைச் சந்தையின் நடுவே வைக்க முயல்கின்றது. அதனை யார் எழுதுவது, யார் பேணுவது, யார் மாற்றுவது என்ற கேள்விகளுக்குப் போட்டிச் சந்தையில் விடையில்லை. உருவம் தனக்கேற்ற சமூக உறவுகள் தோன்றுமுன்னரே பிறந்துவிட்டது. இலக்கிய வரலாற்றிலும் இவ்வாறு காலத்துக்கு முந்திப் பிறந்து கவனிப்பாரற்று நின்ற உருவங்கள் உண்டு.

எனினும் மையமின்மையே விடுதலை என மயங்கிவிடலாகாது. ஆடலமைப்பில் நெறியாளர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் அதிகாரம் இல்லையென்பது பெறப்படாது. பெரும் கொள்வனவாளர் ஒருவர் தமது செய்தி ஒழுங்கை வழங்குநர் அனைவர் மீதும் விதிக்கும்போது, ஆட்டம் மையமற்றதாகத் தோன்றும். ஆட்டத்தை எழுதிய கை ஒன்றாகவே இருக்கும். பீபெல்லின் செல்வாக்கு இன்று தேய்ந்துவிட்டது. 2010 களில் பரவிய நுண்சேவை அமைப்புகளிலும் நெறியாள்கையா ஆடலமைப்பா என்ற விவாதம் தொடரவே செய்கின்றது. பெரும்பாலும் அது ஒரே கம்பனியின் சுவர்களுக்குள் நிகழும் விவாதமாகச் சுருங்கிவிட்டமைதான் வேறுபாடு.

4

மில்னரின் கணிதத்தில் மௌனச் செயல் என ஒன்று உண்டு. செயன்முறையொன்றின் உள்ளே நிகழ்ந்து, வெளியிலிருந்து நோக்குவோருக்குப் புலப்படாத செயலையே அது குறிக்கின்றது. உள்ளே எத்தனை மௌனச் செயல்கள் நிகழ்ந்தாலும், வெளியுலகோடான ஊடாட்டம் வேறுபடாதாயின் இரு செயன்முறைகளும் சமானமாகக் கொள்ளப்படும். இச்சுருக்கம் இன்றேல் சிக்கலான தொகுதி எதையும் ஆராய முடியாது. அருவமாக்குதல் இன்றி அறிவியல் இல்லை. மாக்சும் பண்டத்தை ஆராய அருவமாக்கலையே கையாண்டார்.

ஆனால் இந்தச் சுருக்கம் கணிதத்திலிருந்து சமூகத்துக்குப் பெயரும்போது அதன் தன்மை மாறுகின்றது. பண்டத்தில் உழைப்பு மறைந்து, மனிதரிடையேயுள்ள உறவு பொருள்களிடையேயுள்ள உறவாகக் காட்சியளிப்பதைப் பண்ட மாயை என மாக்ஸ் விளக்கினார். இணையச் சேவையின் இடைமுகம் இம்மாயையின் மிகச் செப்பமான வடிவம் எனலாம். கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்பவை மாத்திரமே அதில் தெரியும். இடையே ஒரு சூத்திரம் கணிக்கப்பட்டதா, ஒரு மனிதர் இராமுழுதும் விழித்திருந்து படங்களைத் தரம்பிரித்தாரா என்பது தெரியாது. மனிதரின் வேலைநாள் மௌனச் செயலாகி விடுகின்றது.

இது வெறும் உவமையன்று. பீபெல் மொழியின் மூல வரையறையில் சேவைகளே பங்காளிகளாக வந்தன; மனிதருக்கு அதில் இடமிருக்கவில்லை. நடைமுறையிலோ கடன் விண்ணப்பத்தை அங்கீகரிப்பது முதல் முறைப்பாட்டை விசாரிப்பது வரை மனிதரின்றி நடவாது. 2005 இல் ஐ.பீ.எம்., எஸ்.ஏ.பி. ஆகிய கம்பனிகள் வெளியிட்ட வெள்ளையறிக்கை இக்குறையை ஒப்புக்கொண்டது. 2007 இல் மனிதருக்கான பீபெல் என்னும் பெயரிலேயே ஒரு பின்னிணைப்பு வெளியாயிற்று. வணிகச் செயன்முறையின் மொழிக்குள் மனிதர் பின்னிணைப்பாக நுழைந்தனர். அவ்விடத்தும் அவர் மனிதப் பணி என்ற அலகாகவே உருவாக்கப்பட்டார்; அப்பணிக்குக் காலக்கெடு உண்டு, கெடு தவறினால் மேலிடத்துக்கு அறிவிக்கும் பொறிமுறையும் உண்டு. அந்த வரையறையின் கலைச்சொற்களில், பணியைச் செய்யத் தகுதியுடையோர் அதன் சாத்தியமான உரிமையாளர் எனவும், ஏற்றுச் செய்பவர் அதன் உண்மையான உரிமையாளர் எனவும் பெயர் பெறுகின்றனர். உற்பத்திச் சாதனம் எதற்கும் உரிமையில்லாதவருக்குப் பணியின் உரிமை தாராளமாக வழங்கப்பட்டிருப்பது கூர்ந்து வாசிக்கவேண்டிய ஒரு சொல்லாட்சி.

அதே 2005 இல் அமேசன் கம்பனி மெக்கானிக்கல் ரேர்க் என்னும் சேவையைத் தொடங்கியது. கணினியால் இயலாத சிறு வேலைகளை நிரலொன்று இடைமுகத்தினூடாக அனுப்பும்; எங்கோ இருக்கும் மனிதர் செய்து திருப்பி அனுப்புவார். நிரலின் நோக்கில் அது வேறொரு சேவை அழைப்பே. 1770 இல் வுல்ப்காங் வொன் கெம்பெலென் ஆக்கிய சதுரங்கம் ஆடும் தன்னியக்கப் பொம்மையின் பெயரையே இச்சேவை தாங்கியுள்ளது. அப்பொம்மையின் அடியில் மனிதர் ஒருவர் மறைந்திருந்து காய் நகர்த்தினார். வால்ரர் பெஞ்சமின் 1940 இல் வரலாறு பற்றி எழுதிய கருத்துரைகளைத் தொடங்கியது இப்பொம்மையைக் கொண்டே என்பதை இலக்கிய மாணவர் அறிவர். மறைந்திருப்பவரைச் சுட்டும் பெயரை ஒரு கம்பனி தயக்கமின்றித் தனது சேவைக்குச் சூட்டிக்கொள்ளும் காலத்தில் நாம் வாழ்கின்றோம்.

5

மாதிரிகள் எதனை நிறுவுகின்றன என்பதையும் நோக்கவேண்டும். வன் டெர் ஆல்ஸ்ற் பணியோட்ட வலைகளுக்கு வகுத்த செம்மை என்னும் நிபந்தனை மூன்று கூறுகளைக் கொண்டது. எந்நிலையிலிருந்தும் முடிவை அடையும் வழி இருத்தல் வேண்டும். முடிவை அடையும்போது இடையில் வில்லை எதுவும் எஞ்சியிருத்தல் ஆகாது. ஒருபோதும் நிகழவியலாத பணி எதுவும் வலையில் இருத்தலாகாது. அலுவலகங்களில் கோப்புகள் எவ்வாறு தேங்குகின்றன என அறிந்தவர்கள் இந்நிபந்தனையின் பெறுமதியை உணர்வர். ஆயின் செம்மை என்ற சொல் வேறு எதனையும் உறுதிசெய்யவில்லை. விண்ணப்பதாரர் ஒவ்வொருவரையும் நிராகரித்து முடிக்கும் வலையும் செம்மையானதே. கருமம் முடிவடையும் என்பதைக் கணிதம் கூறும். எவருக்குச் சாதகமாக முடிவடையும் என்பதைக் கூறாது. இது கணிதத்தின் குற்றமன்று. அதற்கு அப்பாலும் அதன் சான்றிதழை நீட்டுவோரின் குற்றம்.

ஈடுசெய்தல் என்னும் கருத்து இதனைத் தெளிவாக்கும். நீண்ட நேரம் நடைபெறும் கருமமொன்றின்போது எல்லாத் தரவுகளையும் பூட்டி வைத்திருத்தல் இயலாது. ஆகவே 1987 இல் ஹெக்ரர் கார்சியா மொலினா, கெனெத் சாலெம் ஆகியோர் சாகா என்னும் முறையை முன்வைத்தனர். பெருங்கருமம் சிறுகருமங்களின் தொடராகப் பிரிக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் அதனை ஈடுசெய்யும் எதிர்க்கருமம் ஒன்று எழுதப்படும். நடுவில் தடை ஏற்படின் முடிந்தவற்றுக்கான எதிர்க்கருமங்கள் பின்னிருந்து முன்னாக நிறைவேற்றப்படும். பீபெல் இக்கருத்தைத் தனதாக்கிக்கொண்டது. நுண்சேவைகளும் இதனையே சார்ந்துள்ளன.

ஈடுசெய்தல் என்பது நடந்ததை நடவாததாக்குவதன்று என்பதை அறிஞர்கள் தொடக்கத்திலிருந்தே கூறிவருகின்றனர். விமான ஆசனம் இரத்தாகும். அது பதிவிலிருந்த நேரத்தில் திருப்பியனுப்பப்பட்ட வேறொரு பயணி மீண்டும் வரமாட்டார். கைபேசிச் செயலியூடாகக் கேட்கப்பட்ட உணவு பாதிவழியில் இரத்துச் செய்யப்பட்டால் கட்டளையிட்டவரின் பணம் திரும்பும். சமைத்தவரின் நெருப்பும், சுமந்துவந்தவரின் எரிபொருளும், இருவரின் நேரமும் திரும்புவதில்லை. அவற்றுக்கான எதிர்க்கருமத்தை எவரும் எழுதியிராவிடின், கணக்கின்படி எதுவுமே நடக்கவில்லை. எந்தச் செயலுக்கு ஈடு எழுதப்பட்டுள்ளது, எதற்கு எழுதப்படவில்லை என்பதே அம்மாதிரியின் வர்க்கச் சார்பைக் காட்டும் கண்ணாடி.

6

இவ்வளவும் கூறியபின், முறைசார் மாதிரிகளைக் கைவிட வேண்டும் என்ற முடிவுக்கு நாம் வருகின்றோமா? இல்லை. அவற்றுள்ளேயே விமரிசனத்துக்கான கருவி ஒன்று இருப்பதை இறுதியாகச் சுட்டிக்காட்ட விழைகின்றோம்.

ஹொண்டா 1993 இல் தொடங்கிவைத்ததும், 2008 இல் யொஷிடா, மார்க்கோ கார்போன் ஆகியோருடன் சேர்ந்து பலர் பங்குகொள்ளும் ஊடாட்டங்களுக்கு விரித்ததுமான அமர்வு வகைக் கோட்பாடு, ஆடலமைப்பின் கணித வாரிசு எனத்தக்கது. அதில் தெரிவு இருவகைப்படும். ஒருவர் தாமே தீர்மானித்து அறிவிப்பது ஒன்று. எதிர்த்தரப்பின் தீர்மானத்தைக் கேட்டு அதற்கிணங்க நடக்க ஆயத்தமாய் இருப்பது மற்றொன்று. ஒரு பக்கத்தில் முன்னது நின்றால் மறுபக்கத்தில் பின்னது நிற்கும். வாய்பாட்டில் இவை வேறுவேறு குறியீடுகளால் எழுதப்படுகின்றன. தேநீர்ப் பொறியின் பாடம் இங்கு ஓர் இலக்கண விதியாகவே மாறிவிட்டது.

உணவு சுமக்கும் ஊழியருக்கும் செயலிக்குமிடையிலான உரையாடலை இம்முறையில் எழுதிப் பாருங்கள். கொழும்பு முதலான எமது நகரங்களிலும் அவர்களை நாள்தோறும் காண்கின்றோம். அவர் சுயாதீனமான ஒப்பந்தக்காரர், விரும்பினால் ஏற்கலாம், விரும்பாவிடின் மறுக்கலாம் எனக் கூறப்படுவதுண்டு. மேற்போக்கான வாய்பாட்டில் ஏற்பு, மறுப்பு ஆகிய இரண்டும் அவர் தெரிவாகவே தோன்றும். அத்துடன் நிறுத்தாது தொடர்ந்து எழுதுங்கள். விடை கூறக் காலக்கெடு விதிப்பவர் யார்? மறுத்த கிளையின் பின் என்ன வருகின்றது: அடுத்த வேலையா, நீண்ட காத்திருப்பா? கட்டணத்தை மாற்றும் தெரிவு எப்பக்கத்தில் உள்ளது? உரையாடலை முற்றாக முடிக்கும் தெரிவு எவருக்கு உண்டு? பக்கத்துக்குப் பக்கம் குறியீடுகளை எண்ணிப் பார்த்தால், ஒருபக்கம் தீர்மானிப்பவையும் மறுபக்கம் காத்திருப்பவையுமாகக் குவிவதைக் காணலாம். சுதந்திர ஒப்பந்தம் என்ற சட்டக் கற்பனையை மறுப்பதற்கு இதனினும் சுருக்கமான உருவத்தை நாம் அறியோம்.

ஆகவே உழைப்பாளர் இயக்கம் இவ்விடத்து முன்வைக்கக்கூடிய கோரிக்கைகள் கணிதத்துக்குப் புறம்பானவை அல்ல. மனிதர் பணி என்ற அலகாக அன்றிப் பங்காளியாக ஆடலமைப்பில் எழுதப்படல் வேண்டும். மறுப்பு என்பது தண்டனையில்லாத ஒரு கிளையாக அமைதல் வேண்டும். இரத்தாகும் ஒவ்வொரு கருமத்துக்கும் அதில் செலவான உழைப்பின் ஈடு எழுதப்படல் வேண்டும். முழு ஆடலமைப்பும், தத்தம் எறியம் மட்டுமன்றி, ஆடுவோர் அனைவரும் வாசிக்கக் கிடைத்தல் வேண்டும். இவை ஒவ்வொன்றும் நிறைவேற்றப்பட்டுள்ளதா என்பதை, முட்டுநிலை உண்டா இல்லையா எனச் சோதிப்பது போலவே, எழுதப்பட்ட மாதிரியைக் கொண்டு சோதிக்கலாம். தமது உள்தொகுதிகளின் பிழைகளைக் கண்டறிய முறைசார் முறைகளைப் பயன்படுத்துவதாக அமேசன் கம்பனியின் பொறியியலாளரே 2015 இல் எழுதியுள்ளனர். கம்பனியின் தரவு தொலையாதிருக்கப் பயன்படும் நிறுவல், ஊழியரின் ஊதியம் தொலையாதிருக்கவும் பயன்படலாம். தடையாக நிற்பது கணிதத்தின் இயலாமையன்று.

உருவம் உள்ளடக்கத்தால் தீர்மானிக்கப்படுகின்றது என்ற வாய்பாட்டை நாம் பலமுறை கூறியிருக்கின்றோம். இம்மாதிரிகளைக் கற்கும்போது அவ்வாய்பாட்டின் மறுபக்கமும் தெளிவாகின்றது. செவ்வனே ஆக்கப்பட்ட உருவம், தன்னை ஆக்குவித்த உறவுகளையே காட்டிக்கொடுக்கும் வல்லமை உடையது. அதனைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். பொறியியற் பீடத்தாரும் கலைப் பீடத்தாரும் ஒரே வளாகத்தில் ஒருவரையொருவர் அறியாது நடமாடும் நிலை நீடிக்கும்வரை அத்தகைய வாசகர் தோன்றப்போவதில்லை. தமிழ்ச் சங்கம் ஒன்றின் ஆய்விதழில் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு அதுவே காரணம். யார் தெரிவு செய்கின்றார், யார் காத்திருக்கின்றார் என்று கேட்கப் பழகிய ஒரு திறனாய்வு மரபு எம்மிடம் உண்டு. அக்கேள்வியை இப்புதிய மொழிகளிடமும் கேட்பது எமது கடமை.